ஃபாத்மிரா எழுதிய பக்கம்

ஃபாத்மிரா என் காப்பிக்கடைக்குள் தனியாக வந்து உட்கார்ந்த அன்றைக்குச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் சுரங்க ஊரான குர்ஸியில் காப்பிக்கடை என்பது ஆம்பிளைகளின் இடம். பெண்கள் வந்தால் வாசலில் நின்று புருஷனைக் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவள் வேலை முடித்து நேராக வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸில் சேறு. தலைத்துண்டின் மடிப்பில் கறுப்புப் பொடி. அடுப்பை ஒட்டிய மூலை மேஜையில் உட்கார்ந்தாள்.

"ஒரு மலைத்தேயிலைத் தண்ணி குடு, நெவ்ருஸ். அப்படியே உன் வைஃபைக்கு என்ன நம்பர் போடணும்னு சொல்லு."

"வைஃபை எதுக்கு?"

"படிக்கணும்."

சீட்டாட்டத்தில் அவள் கொழுந்தன் ஸ்கெந்தரும் இருந்தான். "என்ன அண்ணி, இந்த வயசுல டாக்டராகப் போறியா? அப்படின்னா முதல்ல என் முதுகுவலியப் பாரு."

"முதுகெலும்பு இருக்கறவனுக்குத்தான் முதுகுவலி வரும். உனக்கு வேற ஏதாவதா இருக்கும், போ."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கெந்தரும் சிரித்தான். பிறகு சீட்டு தொடர்ந்தது. ஒரு வாரத்தில் அவள் அங்கே உட்காருவது பழகிப்போனது. அடுப்புக்கு விறகு தள்ளும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் எல்லோரும் ஒரே கட்டடம்தான். கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலத்தில் சுரங்கக்காரர்களுக்காகக் கட்டியது. கீழே என் கடை. நாலாவது மாடியில் அவள் வீடு. மேலே போனில் சிக்னல் வராது; மலை மறைக்கும். அவள் மகள் மிரேலா கடலுக்கு அந்தப்பக்கம் இத்தாலியின் பாரி நகரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் இந்தப் படிப்பைக் கண்டுபிடித்து அனுப்பியது. இத்தாலியில் ஏதோ பல்கலைக்கழகம், யாருக்கும் திறந்துவிட்டிருக்கும் வகுப்பு. கட்டணமில்லை, நுழைவுத் தேர்வில்லை, வயது கேட்பதில்லை. பூமிக்கடியில் கிடைப்பவை யாருக்குப் போகின்றன, தோண்டுகிறவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பாடம். மொழி அவளுக்குத் தடையில்லை. ஆன்டெனாவைத் திருட்டுத்தனமாகக் கடல் பக்கம் திருப்பி வைத்து டிவி பார்த்தே இத்தாலி மொழி கற்ற தலைமுறை நாங்கள். ஃபாத்மிரா பள்ளியில் கெட்டிக்காரி. டீச்சராக வேண்டும் என்றிருந்தவள். தொண்ணூற்றேழில் நாடே கலவரத்தில் கிடந்தபோது அந்தப் பேச்சு அத்தோடு நின்றுபோனது.

அவள் வேலை குவியலில். சுரங்கத்திலிருந்து லாரி கொண்டுவந்து கொட்டும் கழிவுக்குள் குரோமியக் கல்லைத் தேடிப் பொறுக்குவது. வேண்டிய கல்லைக் கண்ணை விடக் கைதான் முதலில் கண்டுபிடிக்கும், அவ்வளவு கனம். மழையானாலும் பனியானாலும் பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். மத்தியானம் மக்காச்சோள ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஒரு வெங்காயமும். சாயங்காலம் நிமிரும்போது ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துவிட்டால்தான் நிமிர முடியும். அதற்கப்புறம் இங்கே வந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவள் பாடம் கேட்பாள். பல நாள் வாய் பிளந்தபடி தூங்கிவிடுவாள். நான் எழுப்ப மாட்டேன். எழுந்ததும் அவளே பாடத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்பாள்.

ஒருநாள் தேநீர் ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கழுவலையா?" என்றேன்.

"இது துருப்பிடிக்காம இருக்குல்ல? அதுக்கு நம்ம கல்லுதான் காரணம். கப்பல்ல போகுது, உருக்கறாங்க, திரும்பி ஸ்பூனா வருது. நான் இத்தனை வருஷமா பொறுக்கறேன், என்னத்துக்குன்னு ஒருத்தனும் சொல்லல. நானும் கேக்கல பாரு."

வகுப்பில் அவளுக்குச் சேக்காளிகள் கிடைத்தார்கள். ஜெனோவாவில் வீட்டுவேலை செய்யும் யூலியானா என்ற பெரு நாட்டுப் பெண். அப்பா வெள்ளிச் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுச் செத்தவர். சார்தீனியாத் தீவில் கிராசியா. ஒரு சுரங்கக்காரரின் விதவை. யாருடைய முகத்தையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் "கிராசியாவுக்கு மூட்டுவலி அதிகமாயிடுச்சாம்" என்று அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்வாள்.

அவள் கணவன் பெஸ்னிக்குக்கும் அவன் தம்பி ஸ்கெந்தருக்கும் எட்டாவது சுரங்கத்துக்குள் வேலை. பெஸ்னிக் அதிகம் பேசாத ஆள். பெண்டாட்டி காப்பிக்கடையில் உட்காருகிறாள் என்று யாராவது சீண்டினால், "உன் பெண்டாட்டிக்கு உன் மூஞ்சியே போதும்போல, அதான் வீட்டுல இருக்கா" என்பான். அத்தோடு சரி.

கடைசிப் பாடத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். உங்கள் ஊரில் கண்ணெதிரே நடக்கும் ஒரு அநியாயத்தை எழுதுங்கள் என்றிருந்தது. எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், பரப்பலாம் என்று சம்மதம் கொடுக்க வேண்டும். படிப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதைப் போல எழுத்தும் திறந்திருக்கும். அவள் சம்மதம் கொடுத்தாள். தான் இலவசமாக வாங்கிக்கொண்டதற்குத் திருப்பித் தரும் ஒரே பொருள் அதுதானே என்றாள் என்னிடம்.

அவள் எழுதியது எட்டாவது சுரங்கத்து விசிறியைப் பற்றி. உள்ளே காற்றடிக்கும் விசிறி டீசல் ஜெனரேட்டரில் ஓடுவது. சுரங்கத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் ஓடும். மற்ற நாட்களில் அணைந்து கிடக்கும். பனிக்காலத்தில் ஒருநாள் பெஸ்னிக்கோடு வேலை செய்யும் ரமிஸ் உள்ளேயே மயங்கி விழுந்தான். தூக்கிக்கொண்டு வந்து பனியில் படுக்கவைத்துத்தான் மூச்சு வந்தது. இதெல்லாம் பெஸ்னிக் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், பீன்ஸ் சூப்பில் ரொட்டியை முக்கியபடி அவளிடம் சொன்னது. அவள் யார் பெயரையும் போடவில்லை. "என் வீட்டுக்காரர் சொன்னார்" என்று எழுதினாள். டீசலை மிச்சம் பிடிக்கக் காண்டிராக்டர்தான் விசிறியை அணைக்கிறார் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். ஆனால் ஊர்ப் பெயரையும் சுரங்கத்தின் எண்ணையும் போட்டிருந்தாள்.

யூலியானா அதை ஸ்பானிஷில் போட்டாள். வேறு யாரோ ஆங்கிலத்தில் போட்டார்கள். பிறகு தலைநகர் திரானாவில் ஒரு செய்தித் தளம் அதைப் பார்த்து எடுத்துப் போட்டது. அவள் இத்தாலி மொழியில் எழுதியது உலகமெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் மொழியிலேயே எங்கள் ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

அதை முதலில் படித்தவன் ஸ்கெந்தர். என் கடையில் உட்கார்ந்து, போனைக் கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு. பாதியில் நிறுத்தி மூலை மேஜையைப் பார்த்தான். அன்றைக்கு அது காலியாக இருந்தது.

இரண்டொரு நாளில் திரானாவிலிருந்து அதிகாரிகளின் கார்கள் வந்தன. எட்டாவது சுரங்கத்தின் வாயில் பட்டை கட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். ஷிப்டில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் வேலையில்லாமல் என் கடைக்கு வந்து ஆளுக்கு ஒரு காப்பியோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சீட்டைத் தொடவில்லை. மேஸ்திரி ஃப்ளமூர் வாசலில் நின்றே சொன்னார்: "அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லுங்க. எழுதினவளே தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டா மத்தத காண்டிராக்டர் பாத்துக்குவாரு. இல்லன்னா மே மாசம்வரைக்கும் எல்லாரும் நெவ்ருஸ் காப்பியவே குடிச்சுட்டுக் கெடங்க."

அன்று சாயங்காலம் ஸ்கெந்தர் நாலாவது மாடிக்கு ஏறினான். "நெவ்ருஸ், நீயும் வா. உன் வைஃபையிலதானே இந்த மானம் போச்சு," என்றான். நானும் போனேன்.

ஃபாத்மிரா மாவுக்குள் கீரை வைத்துச் சுடும் பீரெக்கை அடுப்பில் வைத்திருந்தாள். கீரை வாசனை. பெஸ்னிக் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, சொல்லு. உன்ன யாரு கேட்டா?" என்றான் ஸ்கெந்தர்.

"யாரும் கேக்கல. அதான் எழுதினேன்."

"பெரிய பேச்சு! என் வீட்டுல அடுத்த மாசம் என்ன கொதிக்கும்? உன் பேப்பரா?"

"ரமிஸ் செத்திருந்தா அவன் வீட்டுல என்ன கொதிச்சிருக்கும்?"

"சாகலல்ல?"

"அதுக்காகக் காத்திருக்கணுமா?"

"உனக்கென்ன, உன்னக் கைதட்டறதுக்கு உலகம் பூரா ஆளு. 'தைரியசாலி, தைரியசாலி'ன்னு எழுதியிருக்கானுங்க, பாத்தேன். கனடாவாம், எங்கேயோவாம். அவனுங்கள வந்து என் வேன் தவணையக் கட்டச் சொல்லு."

ஃபாத்மிரா பெஸ்னிக்கைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற?"

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "உனக்குச் சொன்னேன். உலகத்துக்குச் சொல்லல."

"பேரு போடலையே."

"குர்ஸியில எட்டாவது சுரங்கத்துல எத்தனை பேருக்கு இத்தாலிக்காரங்க வகுப்புக்கு எழுதற பெண்டாட்டி இருக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். பீரெக் அடியில் கருகும் வாசனை வந்தது. நான்தான் எழுந்துபோய் எடுத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் என் கடையில் வைத்து வகுப்பு நடத்துகிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதினாள். தொமாசோ என்ற பையன் வீடியோவில் வந்தான். நல்ல பையன். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசினான். "எங்க தளத்துல இருந்து எடுத்துட்டோம், சிஞோரா. ஆனா மத்தவங்க எடுத்துப் போட்டது எங்க கையில இல்ல. நீங்கதானே சம்மதம் குடுத்தீங்க..."

"ஆமா. நான்தான் குடுத்தேன்."

"ரொம்ப வருத்தமா இருக்கு. இன்னொரு விஷயம், பக்கம் இல்லாததால உங்க படிப்பு முடிஞ்சதா கணக்கு ஆகாது. வேற விஷயம் ஏதாவது எழுதலாம். காடு, தண்ணி, எது வேணும்னாலும்."

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "தண்ணியப் பத்தி எழுதணுமாம்," என்றாள் என்னிடம். சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

குவியலில் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் கைப்பையில் எதையோ தேடினார்கள். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் உப்பு எங்கே, விறகு ஈரம் என்கிற அளவுக்குத்தான் பேசினார்கள். பகலெல்லாம் மழை. ஓடும் நதி கறுப்பாகிக் கிடந்தது. பெஸ்னிக் இப்போது தூக்கம் போய்விட்டது என்று சொல்லி விடியற்காலையில் நான் கடை திறக்கும்போதே வந்து உட்காருவான். அவள் பின்னாலேயே வந்து வேறு மேஜையில் உட்காருவாள்.

அப்படி ஒரு காலையில்தான் ரமிஸ் வந்தான். மயங்கி விழுந்ததிலிருந்து அவன் ஒரு மாதிரி. பேச்சு தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் செய்ததை மறந்துவிடுவான். காப்பியை வாங்கிக்கொண்டு பெஸ்னிக் எதிரில் உட்கார்ந்தான். சர்க்கரை போட்டுக் கலக்கினான். வெளியே பார்த்தான். மறுபடி சர்க்கரை போட்டான்.

"இந்த மழை விடாது போல, பெஸ்னிக்."

"விடாது."

மறுபடி சர்க்கரைக்குக் கையை நீட்டினான். பெஸ்னிக் அவன் கையிலிருந்து ஸ்பூனை மெதுவாக வாங்கி வைத்தான். "போட்டுட்ட, ரமிஸ். குடி."

"போட்டுட்டேனா?" என்று சிரித்தான் ரமிஸ். குடித்தான். இனிப்பில் முகத்தைச் சுளித்தான். பிறகு போனான். வாசலில் நின்று எந்தப் பக்கம் போவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனான்.

பெஸ்னிக் அவன் வைத்துப்போன கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபாத்மிரா," என்றான். பல நாட்களுக்குப் பிறகு அவள் பெயரைச் சொல்கிறான். "இங்க வா."

அவள் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனாள். நான் உள்ளே போகத் திரும்பினேன். "இரு, நெவ்ருஸ். நீயும் கேளு," என்றான்.

"விசிறிய காண்டிராக்டர் அணைக்கல. மேஸ்திரி அணைக்கல. நாங்க அணைப்போம். முறை வச்சு."

"எதுக்கு?"

"டீசல் மிஞ்சும்ல? பாதி ஃப்ளமூருக்கு. மீதிய கேன்ல ஊத்தி நாங்க பிரிச்சுக்குவோம். அவருதான் வழி காட்டினாரு. ஆனா நாங்க யாரும் வேண்டாம்னு சொல்லல. சம்பளம் என்ன லட்சணம்னு உனக்கே தெரியும்."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ரமிஸ் விழுந்த அன்னைக்கு என் முறை."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"நம்ம வீட்டுக்கு எந்தக் கேனும் வரலையே," என்றாள் அவள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்பது போலக் கேட்டாள்.

"ஸ்கெந்தர் வேனுக்குப் போச்சு. அந்த வேன்லதான் உன்னை திரானா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். கழுத்துக் கட்டிக்கு. வாரா வாரம் போனோமே, என்ன, சும்மாவா ஓடிச்சு?"

ஃபாத்மிராவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே மெல்லிய தழும்பு. அவள் அழவில்லை. குவியலில் நாள் முழுக்கக் குனிந்துவிட்டு நிமிர முடியாத சாயங்காலத்தில் இருக்குமே, அந்த முகம்.

"நான் எழுதினது பொய்யாயிடுச்சு," என்றாள் கடைசியில்.

"பொய் இல்ல. பாதி. அதுல நாங்கெல்லாம் பாவப்பட்டவங்க, காண்டிராக்டர் ஒருத்தன்தான் கெட்டவன். படிச்சப்போ எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. ஸ்கெந்தர் கத்தினானே, அது சோத்துக்கு மட்டும் கத்தினதில்ல."

"சரி. இனிமே எழுதல. இது உன்னோடது. நீ சொல்லாம நான் தொடமாட்டேன்."

பெஸ்னிக் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "எழுது," என்றான். "வரி வரியா எனக்குப் படிச்சுக் காட்டு. நான் நிறுத்துன்னா நிறுத்தணும். அப்புறம் என் பேரப் போடு."

"வேலை போயிடும், பெஸ்னிக்."

"எங்க இருக்கு, போறதுக்கு?"

அந்த வாரம் முழுக்க மூலை மேஜையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் இத்தாலியில் எழுதி, எங்கள் மொழியில் வாசித்துக் காட்டினாள். அவன் பல இடத்தில் நிறுத்தினான். "'வறுமையால்'னு போடாத. வறுமைதான், ஆனா அதையே சொல்லித் தப்பிச்சுக்கறாப்ல இருக்கு." இன்னொரு இடத்தில், "ஃப்ளமூருக்கு மூணு பிள்ளைங்க. அவரு பேரு வேண்டாம். மேஸ்திரின்னு மட்டும் இருக்கட்டும்." ஷிப்டில் இருந்த மற்றவர்களிடமும் பெஸ்னிக்கே போய்க் கேட்டான். உன்னைச் சேர்க்கவா, வேண்டாமா என்று. சிலர் கதவைச் சாத்தினார்கள். ஸ்கெந்தர் கையை ஓங்கினான், அடிக்கவில்லை. இரண்டு பேர் சரி என்றார்கள். ரமிஸிடம் கேட்க அவன் பெண்டாட்டியிடம் போனார்கள். அவள் வெகுநேரம் பெஸ்னிக்கைத் திட்டினாள், வாயில் வந்ததையெல்லாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்று கேட்டான். கடைசியில், "போடுங்க. அவரு மறந்துட்டாரு, வேற எங்கயாவது எழுதியாவது இருக்கட்டும்," என்றாள்.

இடையில் எட்டாவது சுரங்கம் திறந்தது. இப்போது விசிறி நிற்காமல் ஓடுகிறது என்றும், அந்த இரைச்சலில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை என்றும் ஸ்கெந்தர் குறைபட்டுக்கொண்டான். அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெஸ்னிக்கை எடுக்கவில்லை. டீசல் திருடினேன் என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டால் அவன்மேல் கேஸ் வரலாம் என்று மிரேலா பாரியிலிருந்து அழுதாள். "வரட்டும். நான் செஞ்சதுதானே," என்றான் அவன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் அவள் அதை அனுப்பினாள். சம்மதம் கேட்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். எங்கள் வழக்கத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆமென்று அர்த்தம்; அவள் அமுக்கினாள். பிறகு இருவரும் என் கடையில் பீன்ஸ் சூப் சாப்பிட்டார்கள். பெஸ்னிக் ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு நாற்காலியை அடுப்புப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கே பதில்கள் வர ஆரம்பித்தன. இந்தமுறை 'தைரியசாலி' என்று யாரும் எழுதவில்லை. பலருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை போல. ஒருவர் இது தன்னைக் குழப்புகிறது என்று எழுதியிருந்தார். யூலியானா மொழிபெயர்க்கலாமா என்று முதலில் அனுமதி கேட்டிருந்தாள். கடைசியாகச் சார்தீனியாவிலிருந்து கிராசியா எழுதியது வந்தது. ஃபாத்மிரா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"என் வீட்டுக்காரரும் ஏதோ ஒன்றைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசி வருஷங்களில் ராத்திரி முழுக்கச் சமையலறையில் நடந்துகொண்டே இருப்பார். உன் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? தூங்குகிறாரா?"

அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தி அடுப்புப் பக்கம் பார்த்தாள். பெஸ்னிக்கின் தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் பிடித்த ரொட்டித் துணுக்கு நழுவி மடியில் கிடந்தது. சீட்டுக்காரர்கள் அவனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

ஃபாத்மிரா கறுப்பு ஏறிய விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"தூங்குகிறார்," என்று எழுதினாள்.